மரியாதை கெட்ட மீன்

மணி அடித்தது.

அன்னூர்ச் சந்தையில் வாங்கிய ஆட்டுமணி. தூண்டில் ராடின் நுனியில் கட்டியிருந்தோம். வந்ததிலிருந்து கடற்காற்றுக்குக்கூட அசையாமல் தொங்கிக்கொண்டிருந்த மணி, பட்டிக்குள் நாய் புகுந்த மாதிரி திடீரென்று அடிக்க ஆரம்பித்தது. ராடு வளைந்தது. நானும் ஸ்டீபனும் மணலிலிருந்து எழுந்தோம்.

"எடுங்க," என்றார் ஸ்டீபன்.

"நீங்க எடுங்க," என்றேன் நான்.

"அட, உங்க கைக்கிட்டத்தானுங்க இருக்குது."

"வீசுனது நீங்கதானுங்களே. உங்க மீனுங்க."

"என்னுது உன்னுதுன்னு என்னங்க இருக்குது. நீங்களே எடுங்க."

கேரளத்தில் பொன்னானிக்குத் தெற்கே, பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு கடற்கரையில் இந்தப் பேச்சுவார்த்தை நடந்தது. எங்கள் ஊரில் இது ஒரு நல்ல தொடக்கம்தான். ஹோட்டல் பில்லுக்கு முன்னால் இதைவிட நீளமாகவே பேசியிருக்கிறோம். ஆனால் கொக்கியில் மாட்டியிருந்தது அரபிக்கடல் மீன். நாங்கள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்க அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ராடு, அதைத் தாங்கி நின்ற ஸ்டாண்டோடு சாய்ந்தது. பிறகு மணலில் ஒரு கோடு போட்டுக்கொண்டு கடலை நோக்கிப் போக ஆரம்பித்தது.

இந்த இடத்தில் அதைக் கொஞ்சம் நிறுத்திவைக்கிறேன். ஸ்டீபன் யார், கோயமுத்தூர்க்காரர்கள் இரண்டு பேர் கடற்கரையில் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

மூன்று லேத், ஒரு கம்பெனி

கோவையில் தகரக் கூரைக்குக் கீழே இரண்டு லேத் ஓடினால் அதற்குப் பெயர் கம்பெனி. மூன்றாவது லேத் வந்துவிட்டால் விசிட்டிங் கார்டு அடிப்போம். நாலாவது வந்தால் வாசலில் போர்டை மாற்றி, பெயருக்குப் பின்னால் 'குரூப்' என்று சேர்த்துக்கொள்வோம். எங்களிடம் மூன்று இருந்தன. கணபதியில், பம்புசெட்டுகளுக்கு இம்பெல்லர் கடைந்து கொடுக்கும் கம்பெனி.

நானும் ஸ்டீபனும் பார்ட்னர்கள். பங்காளிகள் என்று எழுதலாம்தான், ஆனால் எங்கள் பக்கத்தில் பங்காளி என்றால் கோர்ட்டில் எதிர்வரிசையில் நிற்பவர் என்று அர்த்தம். எங்களுக்குள் அப்படியெல்லாம் கிடையாது. இருபது வருஷத்துக்கு மேல் ஒரே கூரையில் இருந்தோம். ஒரு சுடுசொல் கிடையாது. சுடுசொல்லுக்கு இடமே இல்லாதபடி 'ங்க' பார்த்துக்கொண்டது.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் 'ங்க'வைப் பற்றிச் சிரிக்கத் தெரியும், அதன் சிரமம் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே மில்லில், ஒரே வாரத்தில் டர்னராக வேலைக்குச் சேர்ந்தவர்கள். முதல் நாள் அவர், "ஏனுங்க, இந்த மிசினு உங்களுதுங்களா?" என்று கேட்டார். நான், "ஆமாங்க," என்றேன். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டோம். 'ங்க' போட்டு ஆரம்பித்த பழக்கத்தில் பாதியில் அதை எடுப்பது, ஓடுகிற மோட்டாரில் பெல்ட்டைக் கழற்றுவது மாதிரி. விரல் போய்விடும்.

என் வீட்டில் பேசுவது தெலுங்கு. கொஞ்சுவது, திட்டுவது, தூக்கத்தில் உளறுவது எல்லாம் அதில்தான். வாசற்படி தாண்டினால் தமிழ், அதுவும் இஸ்திரி போட்ட தமிழ். ஸ்டீபன் மேல் எனக்குக் கோபம் வந்த நாட்கள் உண்டு. அந்த நாட்களில் நான் வீட்டுக்கு வந்து மோட்டார் சுவிட்சைப் பார்த்துத் தெலுங்கில் திட்டுவேன். என் மனைவி பத்மா, "பாவம், அது என்ன செஞ்சுது?" என்று கேட்பாள்.

'உங்க இஷ்டமுங்க'

ஸ்டீபனின் மகன் கனடாவில் இருக்கிறான். பெயர் அருள். அந்த வருஷம் அவனுக்குக் குழந்தை பிறந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இவர்கள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் வீடியோவில் வந்து, "அங்க யாருப்பா இருக்காங்க உங்களுக்கு? அம்மாவையும் கூட்டிட்டு இங்கயே வந்துருங்க," என்று சொல்ல ஆரம்பித்தான்.

ஒருநாள் மதியம், தூக்குப்போசியைக் கழுவி வைத்துவிட்டு ஸ்டீபன் என்னிடம் இதைச் சொன்னார். "பையன் கூப்புடறானுங்க. ஒரேயடியா வந்துருங்கங்கறான். நீங்க என்னங்க சொல்றீங்க?"

கம்பெனி எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது அந்தப் பக்கத்தைப் பிடிக்க அவர் இருக்கமாட்டார் என்பதுதான் முதலில் தெரிந்தது. போகாதீங்க என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது.

"உங்க இஷ்டமுங்க," என்றேன்.

எங்கள் ஊரில் 'உங்க இஷ்டமுங்க' என்பதற்கு நாலைந்து அர்த்தங்கள் உண்டு. எல்லாம் அந்தக் கடைசி 'ங்க'வை எவ்வளவு தூரம் இழுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. கொஞ்சம் இழுத்தால் சம்மதம். நன்றாக இழுத்தால், 'தயவுசெய்து வேண்டாம்'. நான் போதுமான அளவு இழுத்ததாகத்தான் நினைத்தேன். ஸ்டீபன் அதை என்ன அளவில் கேட்டார் என்று தெரியவில்லை. "சரீங்க," என்று சொல்லிவிட்டு லேத் பக்கம் போய்விட்டார்.

பத்மாவிடம் சொன்னேன். "வேண்டாம்னு அவருகிட்டயே சொல்றதுதானே?" என்றாள்.

"எப்படிச் சொல்றது? அவர் ஏதாவது நினைச்சுக்குவாரு."

"என்ன நினைச்சுக்குவாரு?"

"ஏதாவது."

பத்மா என்னைப் பார்த்த பார்வையை மொழிபெயர்க்க மாட்டேன்.

அடுத்த நாலு மாதத்தில் ஸ்டீபன் அதே கேள்வியை டீ குடிக்கும்போது, வண்டியில் போகும்போது, ஒருமுறை சாவு வீட்டில்கூடக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் நான் 'ங்க'வை இன்னும் கொஞ்சம் நீளமாக இழுத்தேன்.

கடலுக்குப் போலாமுங்களா?

அப்புறம் ஒரு நாள் ஸ்டீபன், "ஏனுங்க, நாம ரண்டு பேரு மட்டும் எங்காச்சும் கடலுக்குப் போயி சித்த நேரம் தூண்டில் போட்டுட்டு உக்காந்துட்டு வரலாமுங்களா?" என்றார்.

இப்போது யோசித்தால் தெளிவாகத் தெரிகிறது. அந்த மனிதருக்கு உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டியிருந்தது. லேத் சத்தம் இல்லாத இடம். தூண்டில் கையில் இருந்தால் முகத்தைப் பார்க்காமல் பேசலாம், அதற்குத்தான் தூண்டில்.

ஆனால் கோயமுத்தூர்க்காரனிடம் ஒரு பொருளின் பெயரைச் சொன்னால் அவன் காதில் விழுவது அதன் டிராயிங். எனக்குத் தூண்டில் மட்டும்தான் விழுந்தது.

கரையில் நின்று அலையைத் தாண்டி வீசிப் பிடிக்கிற தூண்டிலுக்கு நீளமான ராடு வேண்டும். அதை மட்டும் வாங்கினோம், கம்பெனியில் மற்ற எல்லாம் போல அதுவும் பாதிப் பாதி. மீதியை நாமே செய்துகொள்ளலாம் என்று முடிவு செய்தேன். இந்த முடிவுதான் எங்கள் ஊரை உருவாக்கியது, இதே முடிவுதான் எங்கள் வீட்டுப் பரண்களையும் நிரப்பியது.

முதலில் ஈயம். கடலடி மணலில் இரை நிலையாக நிற்க ஈயக்கட்டி வேண்டும். உருண்டை ஈயம் அலையில் உருண்டுகொண்டே போய்விடும் என்பதால், நாலு பக்கமும் கம்பிக்கால் வைத்த ஈயம் போடுவார்கள். கால்கள் மணலைக் கவ்விக்கொள்ளும், சுண்டி இழுத்தால் மடங்கி விட்டுவிடும். ஐந்து ரூபாய்க் கரண்டியில் உருக்கிக் கிண்ணத்தில் ஊற்றவேண்டிய இந்தச் சமாச்சாரத்துக்கு நான் அலுமினியத்தில் இரண்டு பாதி அச்சு கடைந்தேன். வந்த ஈயத்தை மைக்ரோமீட்டரில் அளந்து, வித்தியாசம் இருந்தவற்றை ரிஜெக்ட் செய்தேன்.

பிறகு ஸ்டாண்டு. ஊர் உலகத்தில் ஒரு முழங்கால் உயர பிளாஸ்டிக் குழாயை மணலில் குத்தி, அதில் ராடைச் செருகிவிடுவார்கள். நான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கடைந்தேன். கண்ணாடி மாதிரி பாலீஷ். மணலில் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கணக்குப் போட்டிருந்தேன்.

ஸ்டீபன் எல்லாவற்றையும் பார்த்து, "நல்லாருக்குதுங்க," என்றார். அவர் 'ங்க'வை எவ்வளவு தூரம் இழுத்தார் என்பதை நான் அன்று கவனிக்கவில்லை.

கடலைக்காட்டில் மீன்

வீசுவதற்குப் பழக வேண்டும். கோவையில் எல்லாம் உண்டு, கடல் மட்டும் கிடையாது. அன்னூரில் ஸ்டீபனின் மச்சானுக்கு, அதாவது அவர் மனைவி செலினின் தம்பிக்கு, கடலை பிடுங்கி முடித்த காடு ஒன்று சும்மா கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அங்கே போனோம்.

ராடை முதுகுக்குப் பின்னால் சாய்த்து, ஈயத்தைத் தொங்கவிட்டு, வலது கை தள்ள இடது கை இழுக்க, சரியான நொடியில் விரலை எடுத்தால் தங்கூஸ் நரம்பு விர்ரென்று ஓடும். விரலை முந்தி எடுத்தால் ஈயம் வானத்துக்குப் போகும். பிந்தி எடுத்தால் காலுக்குக் கீழே குழி விழும். எங்களுடையது முதல் வாரத்தில் பக்கத்துத் தோட்டத்துத் தென்னையில் மாட்டிக்கொண்டது.

தோட்டத்துக்காரர் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்த பெரியவர். தென்னையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"ஏனுங்க, என்னுங்க பண்றீங்க?"

"மீனு புடிக்கப் பழகறோமுங்க," என்றார் ஸ்டீபன்.

பெரியவர் சுற்றிலும் பார்த்தார். ஆயிரம் அடிக்குப் போர் போட்டும் தண்ணீர் வராத காடு அது.

"இங்கீங்களா?"

"ஆமாங்க."

"சரீங்க, புடிங்க புடிங்க," என்றார். திரும்பிப் போகும்போது ஒருமுறை நின்று பார்த்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நாங்கள் ஏதாவது நினைத்துக்கொள்வோமே என்று விட்டிருப்பார்.

எனக்குத் தூண்டில் முன்பின் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மில்லில் சேர்ந்த புதிதில் உக்கடம் குளக்கரையில் உட்கார்ந்து ஜிலேபிக் கெண்டை பிடித்தவன்தான். மைதாவைப் பிசைந்து உருட்டி முள்ளில் குத்தினால் போதும், அந்த மீனுக்குப் பெரிய எதிர்பார்ப்புகள் கிடையாது. வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, பெருமாள் படத்துக்கு ஆகாது என்று அம்மா கொல்லையிலேயே நிறுத்திவிடுவாள். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, அங்கேயே சாப்பிட்டுவிட்டு, நன்றாக வாய் கொப்பளித்து வருவேன். அம்மாவுக்குத் தெரியும். என் வாயை முகர்ந்து பார்க்காத மரியாதை அவளுக்கும் இருந்தது.

சத்தியமங்கலத்தில் பவானியிலும் போட்டிருக்கிறேன். ஆற்றில் ஒரு நிம்மதி, தண்ணீர் ஒரே பக்கம் போகும். தங்கூஸ் எந்தப் பக்கம் இழுபடும் என்று தெரியும். கடல் அப்படி அல்ல என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

மசாலா

தை பிறந்து ஒரு சனிக்கிழமை, இருட்டோடு கிளம்பி, வாளையாறு தாண்டி, பாலக்காட்டில் இட்லி சாப்பிட்டுக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். வெயில் இன்னும் ஏறவில்லை. தென்னைமரத்தடியில் காரை நிறுத்திவிட்டு, போன்களை அதிலேயே வைத்துவிட்டு, ஸ்டாண்டைத் தோளில் சுமந்து போனேன். அது ஓர் ஆள் கனம் கனத்தது.

கரையில் எங்களைத் தவிர ஒரே ஓர் ஆள் இருந்தார், வேர்க்கடலை விற்பவர். எனக்குத் தெரிந்த மலையாளத்தையெல்லாம் திரட்டி, இங்கே என்ன மீன் கிடைக்கும் என்று கேட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, நம்மூருங்களா?" என்றார். பொள்ளாச்சிக்காரர். மீன் பற்றி அவருக்கும் ஒன்றும் தெரியாது.

இரைப் பெட்டியைத் திறந்தோம். இறால். இரைக்கு என்று முந்தின நாள் உக்கடம் மார்க்கெட்டில் வாங்கி, ஸ்டீபன் தன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார். அது மஞ்சளும் மிளகாய்த் தூளும் உப்பும் பூசி, பூண்டு வாசத்தோடு சிவப்பாக இருந்தது.

ஸ்டீபன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "செலினு பொரிக்கறதுக்குன்னு நெனைச்சு தடவி வெச்சுப்போட்டாளாட்ட இருக்குதுங்க."

"பரவால்லீங்க. மீனுக்கு ஒணத்தியா, ருசியா இருக்கும்."

உண்மையில் அது நல்லதாகத்தான் போயிற்று. பச்சை இறால் மெத்தென்று இருக்கும், வீசுகிற வேகத்தில் முள்ளிலிருந்து கழன்று இரை ஒரு பக்கமும் முள் ஒரு பக்கமும் போகும். உப்பு ஊறியதால் செலினின் இறால் கெட்டிப்பட்டிருந்தது. அதை முள்ளின் வளைவோடு கோத்து, மேலே மெல்லிய ரப்பர் நூலைச் சுற்றினேன். தங்கூஸின் கடைசியில் ஈயம், அதற்கு மேலே ஒரு சாண் இடைவெளியில் இரண்டு கிளை, கிளைக்கு ஒரு முள். அலையில் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க நடுவில் சுழலும் வளையம். டிராயிங் சுத்தமாக இருந்தது.

காலை முழுக்க வீசினோம். என்னுடையது ஒவ்வொன்றும் நல்ல தூரம் போயிற்று. அலை உடைகிற இடத்தைத் தாண்டி, அதற்கடுத்த இடத்தையும் தாண்டி, எனக்கே பெருமையாக இருக்கும் தூரத்தில் விழுந்தது. ஸ்டீபனும் என்னைப் பார்த்து அதே மாதிரி தூரமாக வீசினார். ஒவ்வொரு தடவையும் இறால் அப்படியே திரும்பி வந்தது.

நடுநடுவே ஸ்டீபன், "ஏனுங்க," என்று ஆரம்பிப்பார்.

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்லீங்க. அப்புறம் சொல்றேனுங்க."

நான் ரீலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் கனடா பேச்சை எடுத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. எடுத்தால் முடிவாகத்தான் எடுப்பார் என்று தோன்றியது.

கடைசியாக ஸ்டீபன் வீசியதில் விரல் தவறி, ஈயம் தூரம் போகாமல் முதல் அலைக்குப் பின்னாலேயே தொப்பென்று விழுந்தது. அங்கே நுரை இல்லாமல் தண்ணீர் கொஞ்சம் கருத்து, வாய்க்கால் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. "தப்பாப் போச்சுங்க, மறுபடி வீசட்டுங்களா?" என்றார். "இருக்கட்டுங்க, சித்த உக்காருங்க," என்று ராடை வாங்கி ஸ்டாண்டில் வைத்தேன்.

உட்கார்ந்தோம். அப்போதுதான் மணி அடித்தது.

ராடு போன வழி

நிறுத்திவைத்த இடத்திலிருந்து விடுகிறேன்.

ராடு மணலில் கோடு போட்டுக்கொண்டு போயிற்று. பின்னாலேயே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்டாண்டு வெயிலில் பளபளத்துக்கொண்டு போயிற்று. ரீலின் பிடியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்திருந்தால் மீன் இழுக்க இழுக்கத் தங்கூஸ் மட்டும் ஓடியிருக்கும். நான் அதை நன்றாக முறுக்கி வைத்திருந்தேன். எங்கள் ஊரில் எதையும் லூசாக வைப்பது வழக்கமில்லை.

"எடுங்க, எடுங்க, போகுதுங்க," என்றார் ஸ்டீபன்.

"அய்யோ, நீங்க எடுங்க," என்றேன்.

முதல் அலை அதை மூடியபோதுதான் நான் ஓடினேன். பாதி எனதாக இருந்த ராடு அது. இடுப்பளவு தண்ணீரில் பாய்ந்து அடிப்பிடியைப் பிடித்துவிட்டேன். பிடித்ததும் மறுமுனையில் அந்த மீனின் கனம் கைக்கு வந்தது. அதற்குள் அடுத்த அலை முகத்தில் அடித்தது. அது திரும்பும்போது காலுக்குக் கீழே இருந்த மணலையும் எடுத்துக்கொண்டு போயிற்று. விழுந்தேன். வாயெல்லாம் உப்பு. மேலே எது, கீழே எது என்று தெரியவில்லை. ராடை மட்டும் விடவில்லை.

கரையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது.

"ராடை உடுடா!"

யாரையோ திட்டுகிறார்கள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அந்தக் கடற்கரையில் 'டா' போடுகிற அளவுக்கு யாருக்கும் யாரையும் தெரியாது.

"டேய் ராஜூ! உடுடா! செத்துத் தொலையப்போறே, கெரகம் புடிச்சவனே, உடுடா!"

ராஜூ நான்தான். அந்த அதிர்ச்சியில் கை தானாக விட்டுவிட்டது. அடுத்த நொடி யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்கள். ஸ்டீபன். மார்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தார். அவருக்கும் என்னைப்போலவே நீச்சல் தெரியாது.

மணலில் கொண்டுவந்து போட்டார். வேர்க்கடலைக்காரர் ஓடிவந்து, "ஏனுங்க, ஒண்ணும் ஆகலீங்களே?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு, ஸ்டீபனின் முகத்தைப் பார்த்து நாலடி தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

ஸ்டீபன் நிறுத்தவில்லை. மில் காலத்திலிருந்து அடைத்துவைத்தது எல்லாம் வந்தது.

"ஒரு மீனுக்கு உசுரை உடறயாடா? ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல ஸ்டேண்டாம்! ஈயத்தை மைக்ரோமீட்டர்ல அளக்கறானாம்! மீனு இங்க காலடியில, அந்தக் கருப்புத் தண்ணியில சுத்திட்டு இருக்குது. நீ அரேபியாவுக்கு வீசிட்டு இருக்கறே!"

எனக்கு மூச்சு வந்ததும் கோபமும் வந்தது. "தெரிஞ்சா சொல்றதுதானே?"

"எப்படிச் சொல்றது? ஆசையா வீசிட்டு இருந்தே. நெனைச்சுக்குவியே!"

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குள் என்னவோ அறுந்தது. அழுகையாகத்தான் இருக்க வேண்டும், முகம் ஏற்கெனவே நனைந்திருந்ததால் தெரியவில்லை. தமிழ் வரவில்லை. வீட்டில், வீட்டுக்காரர்களிடம் மட்டும் பேசுகிற தெலுங்குதான் வந்தது.

"ஒரேய், நுவ்வு போவத்துரா," என்றேன். டேய், நீ போகாதேடா.

என் வீட்டு போன் பேச்சை இருபது வருஷம் பக்கத்திலிருந்து கேட்டவர் ஸ்டீபன். அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் கேட்டார்.

"எங்க?"

"கனடாவுக்கு."

அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். கடலைப் பார்த்தார். மீனும் ராடும் ஆட்டுமணியும் எங்கேயோ தென்மேற்காகப் போய்க்கொண்டிருந்திருக்கும்.

"இதைச் சொல்றதுக்கு என்னடா உனக்கு?" என்றார். குரல் இப்போது இறங்கியிருந்தது. "நாலு மாசமாக் கேக்கறேன். உங்க இஷ்டமுங்க, உங்க இஷ்டமுங்கன்னே சொல்றே. எனக்கு இஷ்டம் இருந்தா எதுக்குடா உன்னைய வந்து கேக்கறேன்? செலினுக்கும் மனசில்லை. போனாப் போகட்டும்னு நீ உட்டுட்டயாட்ட இருக்குதுன்னு, நானும் சரீன்னு போகப் பாத்தேன்."

"நான் இழுத்துத்தான்டா சொன்னேன்."

"என்னத்தை இழுத்தே?"

'ங்க'வை என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

ஸ்டீபன் எழுந்து, சொட்டச் சொட்ட நடந்து காருக்குப் போனார். போனை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். ஈரக் கையை எதில் துடைப்பது என்று தெரியாமல், வேர்க்கடலைக்காரர் நீட்டிய பழைய பேப்பரில் துடைத்துக்கொண்டு, மகனைக் கூப்பிட்டார். அங்கே அப்போது இரவாக இருந்திருக்கும். அருள் உடனே எடுத்தான்.

"இல்லே கண்ணு, ஒண்ணுமில்லே, நல்லாத்தான் இருக்கறோம். நானும் உங்கம்மாளும் வந்து குழந்தையப் பாத்துட்டு வாரோம். அங்கயே தங்கறதுக்கெல்லாம் வரலே... ஆமா, முடிவாத்தான் சொல்றேன்."

மறுமுனையில் அருள் ஏதோ கேட்டான். ஏன் என்று கேட்டிருப்பான். ஸ்டீபன் என்னைத் திரும்பிப் பார்த்தார். தலையெல்லாம் மணல், காலர் கிழிந்த சட்டை, ஒரு காலில் மட்டும் செருப்பு.

"இங்க ஒருத்தன் உடமாட்டேங்கறான்," என்றான் ஸ்டீபன்.